பழைய அலுமினியப் படகைத் தேய்க்கும் முன்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஒன்ராறியோ ஏரிகளில் ஐஸ் போய்விட்டது. சிம்கோ, ஸ்கூகொக், ரைஸ் ஏரி என்று மீன்பிடிக்கக் கிளம்புகிறவர்கள் தார்ப்பாயை நீக்கிப் படகைப் பார்க்கும் காலம் இது. பார்த்ததும் பலர் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: "கறுத்துப்போய்க் கிடக்கிறது, புதுசு மாதிரி பளபளவென்று ஆக்கித் தருவீர்களா?" தரலாம். ஆனால் சில படகுகளுக்கு அது தேவையே இல்லை. ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று விளக்கத்தான் இந்த மடல்.

அலுமினியத்தில் காற்றுப் பட்டதுமே ஒரு மெல்லிய ஒக்சைட் படலம் உண்டாகிவிடும். தடிப்பு சில நானோமீற்றர்தான். என்றாலும் கீழே உள்ள உலோகத்தைக் காப்பது அதுதான். வருடக்கணக்கில் தண்ணீரில் கிடக்கும்போது அந்தப் படலம் தடித்து மங்கிய சாம்பல் நிறமாகிறது. கையால் தடவும்போது ஒரே சீராக இருந்தால் அது படகுக்கு ஒரு கெடுதலும் செய்யாது. கவனிக்க வேண்டியது வெள்ளைத் தூள் பொங்கி நிற்கும் இடங்களைத்தான். அந்தத் தூளைச் சுரண்டினால் அடியில் குழி தெரியும். சிறிய மீன்பிடிப் படகுகள் பலவற்றில் தகடு 2 மில்லிமீற்றர் தடிப்புக்கூட இராது. அதில் 1 மில்லிமீற்றர் ஆழக் குழி என்றால் பாதி போய்விட்டது என்று கணக்கு.

இந்தக் குழிகள் பெரும்பாலும் உள்ளேயிருந்துதான் வருகின்றன. வெளிப்பக்கத்தை மினுக்கிவிட்டு உள்பக்கம் பார்க்காமல் இருப்பவர்களை நினைத்தால் எங்களுக்குக் கவலைதான். ஈரம் காயாத கார்ப்பெற், அடியில் தேங்கிய இலைச்சேறு, கழன்று விழுந்த ஈயக் குண்டுகள் எல்லாம் தகட்டை அரிக்கும். பழைய ஒரு சதக் காசும் அப்படித்தான். 1996 வரை வந்த கனேடிய சதக் காசுகள் பெரும்பாலும் செம்பு. ஈரத்தில் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு கிடந்தால் அரிக்கப்படுவது அலுமினியம். இதே காரணத்தால்தான் தளத்துக்கு 'பிரஷர் ட்ரீற்றட்' பலகை போட வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறோம். அதில் ஊட்டியிருக்கும் மருந்தில் செம்பு இருக்கிறது. சாதாரண மரைன் பிளைவுட்டுக்கு எல்லாப் பக்கமும் எபொக்சி பூசிப் போடுங்கள்.

சரி, வீட்டிலேயே சுத்தம் செய்ய விரும்புகிறவர்களுக்கு. முதலில் பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் போதும். பாதி அழுக்கு அதிலேயே போய்விடும். நீர்மட்டத்தில் படிந்த வெள்ளைக் கோடு சுண்ணாம்புப் படிவு. அதற்கு வெள்ளை வினாகிரியில் சம அளவு தண்ணீர் கலந்து, நிழலில் வைத்து, கீழேயிருந்து மேலே பூசுங்கள். மேலிருந்து பூசினால் ஒழுகிய தடம் கோடு கோடாக நின்றுவிடும். பத்து நிமிடம் விட்டு, காய்வதற்குள் நைலோன் பிரஷால் நீளவாக்கில் தேய்த்து, தாராளமாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். ரிவெற் (தகடுகளைப் பிணைக்கும் ஆணி) தலைகளையும் இரண்டு தகடுகள் சேரும் விளிம்புகளையும் இன்னும் நேரமெடுத்து அலச வேண்டும். இடுக்கில் தங்கும் அமிலம் உள்ளேயே வேலை செய்துகொண்டிருக்கும். வினாகிரியோடு பிளீச் மட்டும் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு வரும்.

இதற்கு அசையாத கறைக்குப் பொசுபோரிக் அமிலம் உள்ள படகுக் கிளீனர் இருக்கிறது. கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, போத்தலில் எழுதியிருக்கும் அளவைத் தாண்டாமல் பாவிக்கலாம். ஹைட்ரோபுளோரிக் அமிலம் உள்ள 'பிரைற்னர்' வகைகளை எங்கள் பட்டறையில் வைத்திருப்பதே இல்லை. நொடியில் வெளுத்துக் காட்டும், உண்மைதான். ஆனால் செறிவு குறைந்தது தோலில் பட்டால் உடனே எரியாமல் மணிக்கணக்கில் கழித்து வலி தொடங்கும். அதற்குள் உள்ளே இறங்கி உடம்பின் கல்சியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். சமையல் 'ஓவன்' கழுவும் கிளீனரும் வேண்டாம். அதில் உள்ள கோஸ்ற்றிக் சோடா அலுமினியத்தையே கரைக்கும். இரும்புக் கம்பி நாரும் வேண்டாம். உடைந்த துகள்கள் தகட்டில் ஒட்டித் துருப்பிடித்துப் புதுக் குழிகளைத் தொடக்கிவிடும்.

கண்ணாடி போல மினுக்குவது பற்றி எங்கள் அபிப்பிராயம் இது. அழகுதான், ஆனால் நிலைக்காது. மினுக்கிய தகடும் தண்ணீரில் கிடந்தால் மறுபடி மங்கத்தான் செய்யும். வருடா வருடம் உழைக்கத் தயார் என்றால் சந்தோஷமாகச் செய்து தருகிறோம். இல்லையென்றால் அந்தப் பணத்தைக் குழிகளை அடைக்கவும் ரிவெற்களை இறுக்கவும் செலவிடுங்கள்.

பெயின்ற் அடிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் ஒக்சைட்டை முழுதாக எடுக்க வேண்டும். படலம் உடனுக்குடன் மறுபடி உருவாவதால், தேய்த்த அன்றே அலுமினியத்துக்கான எற்சிங் பிரைமர் (உலோகத்தை லேசாக அரித்துப் பற்றிக்கொள்ளும் முதல் பூச்சு) அடித்தாக வேண்டும். பழைய படகில் மஞ்சள் கலந்த பச்சை நிறப் பிரைமர் தெரிந்தால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். அது சிங்க் குரோமேற்றாக இருக்கலாம், அதன் தூசி புற்றுநோய் தரக்கூடியது. எங்களிடம் கொண்டு வாருங்கள். அப்புறம், அடிப்பாகத்துக்குச் செம்பு கலந்த பெயின்ற் கூடாது. காரணம் மேலே சொன்னதுதான்.

படகைக் கொண்டுவரும் முன் வடிகால் அடைப்பானைக் கழற்றி, ஒட்டியிருக்கும் பாசியையும் மட்டியையும் அகற்றிவிடுங்கள். 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் இது சட்டம். அணியத்தின் (படகின் முன்பகுதியின்) இரு பக்கமும் உள்ள பதிவு எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். தேய்க்கும்போது ஸ்ரிக்கர் போய்விட்டால் 7.5 சென்ரிமீற்றருக்குக் குறையாத எழுத்துகளில் திரும்ப ஒட்ட வேண்டும். பின்பலகையின் வலப்பக்கம் பொறித்திருக்கும் அடையாள எண்ணின் மேல் பிரஷ்கூடப் படாமல் ரேப் ஒட்டிவிட்டுத்தான் நாங்கள் வேலையைத் தொடங்குவோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் படகுப் பட்டறையினர்