ஒன்றாம் வகுப்புக்கு என்னைப் பழக்கியவர்களுக்கு நன்றி

எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியைச் சேர்ந்த அனைவருக்கும் வணக்கம்.

பல ஆண்டுகள் ஐந்தாம் வகுப்பு எடுத்த நான் இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு மாறினேன். பத்து வயதுப் பிள்ளைகளிடம் கணக்கைச் சொன்னால் நோட்டைத் திறப்பார்கள். ஐந்து வயதுப் பிள்ளை பாதியில் எழுந்து ஜன்னலுக்கு அணில் பார்க்கப் போய்விடும். காலாண்டு முடிந்து இன்று வகுப்பு கலகலவென்று நடக்கிறது என்றால், அதற்கு நீங்கள்தான் காரணம்.

முதல் நன்றி, எனக்கு முன் இந்த வகுப்பை வைத்திருந்த அக்காவுக்கு. “எழுத்து அப்புறம், முதலில் விரலுக்குப் பலம் வரட்டும்” என்றீர்கள். களிமண் உருட்டினோம், காகிதம் கிழித்து ஒட்டினோம், மணல் தட்டில் கோடு போட்டோம். பென்சில் பிடித்த பிறகும் அ-வில் தொடங்க வேண்டாம், அதன் சுழி பிஞ்சு விரலுக்குக் கஷ்டம், ட, ப, ம சொல்லிக்கொடு என்றீர்கள். அந்த மூன்றும் ஒரு புள்ளியும் கைக்கு வந்ததும் படம், மடம், பட்டம் என்று பிள்ளைகள் தாங்களாகவே கூட்டிப் படித்தார்கள்! ஒரு பிள்ளை வராந்தா சுவர் முழுக்கப் ‘பட்டம்’ எழுதியது. அழிக்காமல் விட்டுவைத்த தலைமையாசிரியருக்கும் நன்றி ஐயா.

தொடக்க வகுப்புகளுக்கான அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டப் பயிற்சியில், பாட்டையும் ஆட்டத்தையும் எங்களையே செய்ய வைத்த வட்டார வள மையப் பயிற்றுநர்களுக்கு நன்றி. கூச்சம் போனது அங்கேதான்.

அங்கன்வாடி அம்மா, வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையைப் பற்றி, “அவங்க வீட்ல தெலுங்குதான் டீச்சர், பாட்டுன்னா வாய் திறக்கும்” என்று நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் அந்த மௌனம் எனக்குப் புரிந்திருக்காது. இப்போது எண்களைப் பாடிச் சொல்கிறது, இரண்டு மொழியிலும்.

காலை உணவு சமைக்கும் மகளிர் குழு அக்காக்களே, சூடான உப்புமாவும் சாம்பாரும் சாப்பிட்டு வரும் பிள்ளைதான் முதல் மணியில் கவனிக்கிறது. பசியோடு இருக்கும் குழந்தைக்கு எந்த முறையில் சொல்லிக்கொடுத்தும் ஏறாது. 2022-இல் மதுரையில் தொடங்கிய இந்தத் திட்டம் 2023-இல் எல்லா ஊர் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபோது நான் மகிழ்ந்தேன். அதன் முழு அருமை ஒன்றாம் வகுப்புக்கு வந்த பிறகுதான் தெரிகிறது.

பெற்றோர்களே, கேட்டதும் புளியங்கொட்டையும் ஐஸ் குச்சியும் கொடுத்தனுப்பினீர்கள். பத்துப் பத்தாகக் குச்சிகளைக் கட்டித்தான் இருபது வரை வந்திருக்கிறோம். அடுத்து கழித்தல். வீட்டில் புளியங்கொட்டை மீதமிருந்தால் திங்கட்கிழமை கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஒன்றாம் வகுப்பு டீச்சர்