இணைய வானொலிச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை மின்னஞ்சலில் போகும். சென்ற ஆண்டு அறிக்கையைப் படித்ததாக இதுவரை யாரும் சொல்லவில்லை என்பதையும் இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

செயற்குழு மாதந்தோறும் கூட்டப்பட்டது. கோரம் சேராமல் கலைந்த கூட்டங்களும் உண்டு. ஆண்டு விழா ஒலிபரப்பு நல்லபடியாக முடிந்தது. புதிய தொகுப்பாளர்களுக்குப் பயிற்சி நடந்தது. பழைய பாடல் கோப்புகளின் ஒலியளவைச் சமப்படுத்தும் வேலை பாதியில் நிற்கிறது.

இனி, இந்த ஆண்டின் முக்கிய வேலை: ஒலிபரப்பு நிரலை மாற்றி எழுதியது. "ஓடிக்கொண்டிருப்பதை ஏன் நோண்டுகிறீர்கள்?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். அதற்கான பதில் எழுத்தில் இருப்பது நல்லது.

நம் நிலையம் லிக்விட்சோப் மென்பொருளில் ஓடுகிறது. பிரான்சில் லியோன் நகர மாணவர்கள் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. இதற்காகச் சங்கம் யாருக்கும் பணம் கொடுக்கவில்லை, கேட்டவர்கள் குறித்துக்கொள்ளவும். பொத்தான்களும் சன்னல்களும் இதில் கிடையாது. எந்த ஒலி எங்கிருந்து வர வேண்டும், எங்கே போக வேண்டும் என்பதை ஒரு நிரலாக எழுதிக் கொடுக்க வேண்டும். நேரலை இருந்தால் நேரலை, இல்லையென்றால் நேயர் விருப்ப வரிசை, அதுவும் காலியானால் பாடல் பட்டியல் என்று ஃபால்பேக் எழுதியிருக்கிறோம். அந்த ஒலி ஐஸ்காஸ்ட் சர்வருக்குப் போய், அங்கிருந்து நேயர்களுக்குப் பிரிகிறது.

பழைய நிரலில் வெளியீடுகள் எல்லாம் கடைசி வரிகளில் நிரந்தரமாக எழுதப்பட்டிருந்தன. ஒரு விளையாட்டு வர்ணனைக்குத் தனி ஓடை (ஸ்ட்ரீம்) வேண்டுமென்றால் கோப்பைத் திருத்தி, லிக்விட்சோப்பை நிறுத்தி, மறுபடி கிளப்ப வேண்டும். அந்த நேரத்தில் எல்லா மவுண்டுகளும், அதாவது ஐஸ்காஸ்டில் ஒவ்வொரு ஓடைக்கும் உள்ள முகவரிகளும், ஒன்றாக அறுந்துவிடும். பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கும் வர்ணனைக்கும் என்ன சம்பந்தம்? அவருடைய பிளேயரும் நின்றுவிடுகிறது. பல பிளேயர்கள் தாமாகத் திரும்பி இணைவதில்லை. நேயர் போனவர் போனவர்தான். வர்ணனை முடிந்ததும் அந்த ஓடையை எடுக்க இன்னொரு தடவை இதே கூத்து.

"எல்லா ஓடைகளையும் எப்போதும் போட்டு வைத்துவிட்டால் என்ன?" என்று முன்னாள் நிர்வாகி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனி என்கோடர். கேட்க ஆளே இல்லாவிட்டாலும் அது 24 மணி நேரமும் ஒலியைச் சுருக்கிக்கொண்டே இருக்கும். நாம் வாடகைக்கு எடுத்திருப்பது சின்ன சர்வர். எம்பி3 இரண்டு தரத்தில், ஓபஸ் என்ற இன்னொரு ஒலி வடிவத்தில் ஒன்று, அப்புறம் சிறப்பு ஓடைகள் என்று அடுக்கினால் அது மூச்சு வாங்கும். இணையத் தரவுச் செலவு வேறு கணக்கு, அது நேயர் தலைக்கு ஏறுவது: 128 கிலோபிட் ஓடையை ஒருவர் ஒரு மணி நேரம் கேட்டால் 57.6 மெகாபைட். அந்தச் செலவுக்கு நான் வருந்தவில்லை. கேட்காத ஓடைக்கு ஆகும் செலவுதான் வீண்.

ஆகவே நிரலை மாற்றி எழுதினேன். வெளியீட்டை உருவாக்கும் வேலையை ஒரு ஃபங்ஷனாக்கி (வேண்டும்போது கூப்பிடும் நிரல் துண்டு), மவுண்டின் பெயரையும் ஒலி எங்கிருந்து வருகிறது என்பதையும் கொடுத்தால் ஓடும்போதே புது வெளியீடு முளைக்கும்படி செய்தாயிற்று. உருவானவை பெயர்வாரியாக ஒரு பட்டியலில் இருக்கும். வேலை முடிந்ததும் பட்டியலில் தேடி ஷட்டவுன் கொடுத்தால் அது மட்டும் போகும். மற்ற ஓடைகளுக்கு விஷயமே தெரியாது. ஸ்டாப் வேறு, ஷட்டவுன் வேறு என்பதைத் தொகுப்பாளர்கள் தயவுசெய்து நினைவில் வைக்க வேண்டும். ஸ்டாப் கொடுத்த வெளியீடு மறுபடி ஸ்டார்ட் கேட்கும் வரை நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும். ஷட்டவுன் கொடுத்ததை மீண்டும் எழுப்ப முடியாது, புதிதாகத்தான் உருவாக்க வேண்டும்.

முதல் சோதனையில் லிக்விட்சோப் பக்கம் எல்லாம் சரி. ஆனால் புது மவுண்ட் ஐஸ்காஸ்டில் ஏறவில்லை. சில நொடிக்கு ஒரு முறை இணைய முயல்கிறது, 403, அதாவது அனுமதி இல்லை, என்று திருப்பி அனுப்பப்படுகிறது, மறுபடி முயல்கிறது. பதிவுக் கோப்பு (லாக்) முழுக்க இதேதான். காரணம், ஐஸ்காஸ்டோடு வரும் அமைப்புக் கோப்பில் ஒலி அனுப்புவோருக்கான வரம்பு 2 என்று இருக்கும், நேயருக்கான வரம்பு 100. நிறுவியவர்கள் அதைத் தொடவே இல்லை. இவ்வளவு காலமும் ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் ஓடைகள் இருந்ததில்லை என்பதால் யாருக்கும் தெரியவில்லை. முதல் எண்ணைக் கூட்டியதும் ஓடை ஏறியது.

அடுத்தது கடிகாரச் சிக்கல். லிக்விட்சோப்பில் வெளியீடுகள்தான் ஒலியை இழுக்கின்றன. ஒலி எந்த வேகத்தில் நகர வேண்டும் என்பதை ஒரு கடிகாரம் சொல்லும்; எல்லாம் ஒரே கடிகாரத்தில் கட்டப்பட்டிருந்தால் ஒன்று திணறும்போது மற்றவையும் திணறும். சிறப்பு நிகழ்ச்சிக்காக வெளியே வேறொரு சர்வருக்கு அனுப்பிய ஓடை, அங்கே இணைப்பு மந்தமானதும், நம் பிரதான ஓடையையும் இழுத்துப் பிடித்தது. இத்தனை நொடி பின்தங்கிவிட்டேன் என்று பதிவுக் கோப்பில் புலம்பல் வேறு. இப்போது வெளி ஓடைகளுக்கு நடுவில் ஒலியைச் சற்றுச் சேர்த்து வைக்கும் ஒரு பஃபர் வைத்து, தனிக் கடிகாரம் கொடுத்தாயிற்று. அவை தடுமாறினால் அவற்றோடு போகும்.

சிறப்பு ஓடை மூடியதும் அதன் நேயர்கள் அறுந்துபோகாமல் பிரதான ஓடைக்கு மாற ஐஸ்காஸ்டின் ஃபால்பேக் மவுண்ட் வசதியைப் போட்டிருக்கிறேன். எம்பி3 நேயரை எம்பி3 ஓடைக்குத்தான் மாற்றலாம், ஓபஸுக்கு ஓபஸ்தான். வகை மாறினால் பிளேயர் குழம்பும்.

நேரலை முடித்தவர்கள் இணைப்பைத் துண்டிக்காமல் எழுந்து போவதைப் பற்றிப் பல கூட்டங்களில் பேசியாயிற்று. இணைப்பு இருக்கும்வரை நேரலை இருப்பதாகவே நிரல் நினைக்கும்; நேயருக்கு வெறும் மௌனம்தான் போகும். பேசிப் பயனில்லை என்பதால், தொடர்ந்து மௌனம் நீடித்தால் நேரலையைத் தள்ளிவிட்டுப் பாட்டுக்குப் போகும்படி நிரலிலேயே எழுதிவிட்டேன். இதனால் ஒருவருடைய நிகழ்ச்சியில் நீண்ட இடைவெளியின்போது பாட்டு புகுந்துவிட்டதாகப் புகார் வந்திருக்கிறது. மைக் முன்னால் அவ்வளவு நேரம் யோசிக்க வேண்டாம் என்பதே என் பணிவான பதில்.

லிக்விட்சோப்புக்கு எழுத்தில் கட்டளை அனுப்பும் டெல்நெட் கட்டுப்பாட்டை எல்லாருக்கும் திறந்துவிடச் சொன்ன கோரிக்கையை ஏற்கவில்லை. 1234 எண் போர்ட்டில் இருக்கும் அந்த வழிக்குக் கடவுச்சொல்லே கிடையாது. அது சர்வருக்கு உள்ளேயே இருக்கட்டும். ஓடை திறக்க, மூட, கடவுச்சொல் கேட்கும் தனி முகவரி, லிக்விட்சோப்புக்குள்ளேயே இருக்கும் ஹார்பர் என்ற சர்வர் வழியாக வைத்திருக்கிறேன். கோபித்துக்கொண்டவர் இன்னும் பேசவில்லை.

வரவு செலவு: வரவுக்குள் செலவு அடங்கியது என்று பொருளாளர் சொல்கிறார். பெரும் பகுதி சர்வர் வாடகை, மீதி பல்வகை. விவரம் வேண்டுவோர் அவரிடம் பார்க்கலாம். தணிக்கை முடியும் தறுவாயில் இருக்கிறது.

சந்தா விஷயம் சொல்லாமல் தீராது. பாதிக்கு மேற்பட்டவர்கள் பாக்கி. சிலருக்குச் சென்ற ஆண்டுப் பாக்கியும் சேர்ந்து நிற்கிறது. நிகழ்ச்சி நேரம் ஒதுக்கும்போது முதலில் கை தூக்குபவர்களில் சிலரும் அந்தப் பட்டியலில் இருப்பதுதான் வேதனை. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் பையில் இருக்கிறது.

தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், இரவு நேரத்தில் சோதனை ஓடைகளைக் கேட்டுக் குறை சொன்ன உறுப்பினர்களுக்கும், இடம் கொடுத்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி: ஒலியை ஒரே முறை சுருக்கி, அதையே பல இடங்களுக்கு நகலாக அனுப்பும் வசதி லிக்விட்சோப்பில் இருக்கிறது. அதைச் செய்தால் சர்வரின் பாரம் இன்னும் குறையும். செய்வது யார் என்பதுதான் கேள்வி. இந்த நிரலைத் திருத்தத் தெரிந்தவர் சங்கத்தில் இப்போது ஒருவர்தான். குறிப்புகள் எழுதிப் பொதுக் கோப்புறையில் போட்டு மாதங்கள் ஆகின்றன. திறந்து பார்த்த தடம் இல்லை. எனக்கும் வீட்டில் கேட்கிறார்கள். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, உட்கார்ந்து கற்றுக்கொள்ளப் பொறுமை உள்ள இருவர் முன்வந்தால், பதவியை அவர்களிடம் கொடுத்துவிட்டுக் கூடவே இருந்து உதவவும் தயார்.

சர்வர் வாடகை புதுப்பிக்கும் நாள் நெருங்குகிறது. அதற்குள் பாக்கி வந்து சேர்ந்தால் இப்போதைய சர்வரே தொடரும். இல்லையென்றால் சிறப்பு ஓடைகளை மூடிவிட்டுப் பழையபடி இரண்டோடு நிறுத்த வேண்டியிருக்கும். வேட்புமனுப் படிவங்கள் மேசை மேல் இருக்கின்றன. தலைவர் பதவிக்கான படிவம் தீர்ந்துவிட்டது. செயலாளர் பதவிக்கானது அப்படியே இருக்கிறது.

இவண்,
செயலாளர்