ஸ்டார் வார்ஸ் அலமாரியைப் பாதியாகக் குறைத்தது ஏன்? நம் கடை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன வாரம் வாசல் பக்கத்து அலமாரியில் பாதியைக் கழற்றினோம். அன்றிலிருந்து உள்ளே நுழைகிற எல்லாரும் முதலில் கேட்பது, "கடையை மூடுறீங்களா?" என்றுதான். மூடவில்லை. அல்சூரில் இதே பஜார் தெருவில், இதே ஷட்டருக்குப் பின்னால்தான் இருப்போம். நம் பொம்மைக் கடையில், ஸ்டார் வார்ஸ் என்கிற அமெரிக்க விண்வெளிக் கதைப் படங்களின் சாமான்களைப் பாதியாகக் குறைத்திருக்கிறோம், அவ்வளவுதான். ஆனால் அந்த அலமாரியைச் சொல்லித்தான் உங்களில் பலர் மற்றவர்களுக்கு நம் கடைக்கு வழி காட்டியிருக்கிறீர்கள். அதனால் காரணத்தைச் சொல்லாமல் விடுவது சரியில்லை.

உங்களுக்கு ஸ்டார் வார்ஸ் திகட்டிவிட்டது. கல்லாவில் உட்கார்ந்து அதைத்தான் சில வருஷமாகப் பார்த்து வருகிறேன். வெறுத்துப்போனவர் கடைப் பக்கமே வரமாட்டார். திகட்டியவர் வருவார், அலமாரி முன்னால் நிற்பார், ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்ப்பார், எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவார். கன்னடப் பிள்ளைகள் "சாகு அங்கிள்" என்கிறார்கள். நம் பிள்ளைகள் "போதும்ணா" என்கிறார்கள்.

எச்.ஏ.எல் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா நம் கடைக்குப் பழக்கம். முதலில் மகனுக்காக வாங்கினார், பிறகு பேரனுக்காக. 2023-ல், ஸ்டார் வார்ஸ் கதையில் 'அசோகா' என்ற ஓடிடி தொடர் வந்த சமயம், ஒரு பொம்மையைக் கையில் எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அட்டையைப் படித்தார். "இது யாரு தம்பி?" என்றார். அந்த ஆளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே சங்கடமாகிவிட்டது. ஏனென்றால் அந்தத் தொடர் சரியாகப் புரிய வேண்டுமானால், அதற்கு முன்னால் 2014 முதல் 2018 வரை நான்கு சீசன் ஓடிய ஒரு கார்ட்டூன் தொடரைப் பார்த்திருக்க வேண்டும். ஐயா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "படம் பாக்கத்தான் வந்தேன் தம்பி, பாடம் படிக்க வரலை" என்று பொம்மையைக் கொக்கியில் மாட்டிவிட்டார். பேரனுக்கு அன்று ஒரு ரூபிக் க்யூப் வாங்கிப் போனார். அன்றைக்கே இந்த மடலை எழுதியிருக்க வேண்டும்.

பழைய ஆட்களுக்குத் தெரியும், அப்பா இந்தக் கடையை வீடியோ கேசட் வாடகைக்கு விடும் கடையாகத்தான் தொடங்கினார். அப்போது ஸ்டார் வார்ஸ் என்றால் மூன்றே படம்: 1977, 1980, 1983. அதற்குப் பிறகு 1999 வரை, 16 வருஷம், தியேட்டருக்கு அடுத்த படம் வரவே இல்லை. அந்த மூன்று கேசட்டும் போய்ப் போய்த் திரும்பி வரும். டேப் தேய்ந்து படத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடும். அப்பா பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்துக்கொண்டே, "கோடு ஓடுதுப்பா, வேற படம் எடுத்துட்டுப் போ" என்பார். யாரும் கேட்டதில்லை. அதே படத்தை எட்டாவது தடவை பார்க்க எடுத்துப் போன பையன் இன்று தன் மகளோடு வருகிறார்.

நம் சோமேஸ்வரர் கோயில் பல்லக்கு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறது. அந்த ராத்திரி அல்சூரில் யார் தூங்குகிறார்கள்? தூங்கி வழிகிற குழந்தையையும் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறோம். அதே பல்லக்கு மாசா மாசம் வந்தால் சாமி மேல் பக்தி குறையாது, ஆனால் ஜன்னலைத் திறந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படுத்துவிடுவோம்.

பொம்மை வியாபாரத்தில் இருக்கிற எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு செய்தி உண்டு. 1977 மே மாதம் அமெரிக்காவில் முதல் படம் 32 தியேட்டர்களில்தான் வெளியானது. இவ்வளவு பெரிதாகும் என்று யாரும் நினைக்கவில்லை. பொம்மை உரிமை வாங்கியிருந்த கென்னர் கம்பெனியால் அந்தக் கிறிஸ்துமஸுக்குள் பொம்மை செய்து முடிக்க முடியவில்லை. அதனால் பொம்மையே இல்லாத ஓர் அட்டை உறையை விற்றார்கள். உள்ளே ஒரு கூப்பன். அதைத் தபாலில் அனுப்பினால் அடுத்த வருஷம் நான்கு பொம்மை வீட்டுக்கு வரும். ஜனங்கள் காசு கொடுத்து அதை வாங்கினார்கள்! காத்திருப்பதையே காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். அதே கென்னர், மூன்றாவது படம் வந்து இரண்டு வருஷம் கழித்து, 1985-ல், விற்பனை படுத்ததும் அந்தப் பொம்மைகளை நிறுத்தியது. பத்து வருஷம் கழித்து 1995-ல்தான் திரும்ப வந்தன. வந்தபோது, சின்ன வயதில் வாங்கியவர்களே பெரியவர்களாகி வந்து வாங்கினார்கள்.

இப்போது அந்தப் பத்து வருஷம் கிடைப்பதில்லை. 2012-ல் டிஸ்னி சுமார் 400 கோடி டாலர் கொடுத்து ஸ்டார் வார்ஸை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸின் கம்பெனியை வாங்கியது. 2015 டிசம்பரில் வந்த புது ஸ்டார் வார்ஸ் படம் உலகம் முழுக்க 200 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. நமக்கு ஒரு வாரம் தாமதமாகக் கிறிஸ்துமஸுக்குத்தான் வந்தது, அந்த வாரம் கடையில் சாப்பிடக்கூட நேரமில்லை. அதற்குப் பிறகு 2016, 2017, 2018, 2019 என்று வருஷம் தவறாமல் ஒன்று. 2017 டிசம்பருக்கும் 2018 மே மாதத்துக்கும் நடுவில் ஐந்தே மாசம். அந்த மே மாதப் படம் 40 கோடி டாலரைக்கூடத் தொடவில்லை. டிஸ்னியின் அன்றைய தலைவர் பாப் ஐகரே அதே வருஷம் செப்டம்பரில், கொஞ்சம் அதிகமாகவும் வேகமாகவும் கொடுத்துவிட்டோம், அந்தத் தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார். அப்படி வெளிப்படையாகச் சொன்னதற்கு எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. ஆனால் படம் குறைந்த இடத்தில் ஓடிடி தொடர்கள் வந்து நின்றன. 2022-ல் மட்டும் மூன்று தொடர்.

அந்த 2018 மே மாதத்தின் மிச்சம் இன்னும் நம் கடைக் கொக்கியில் தொங்குகிறது. எங்களுக்குச் சரக்கு கொடுத்த ஹோல்சேல்காரர் தனித்தனியாகத் தரமாட்டேன், முழுப் பெட்டியாக எடுத்தால்தான் உண்டு என்றார். ஒரு பெட்டியில் 12 பொம்மை. நீங்கள் கேட்கிற ஆள் அதில் இரண்டு இருப்பார், மூன்று இருந்தால் அதிர்ஷ்டம். மீதி எல்லாம் யாரும் பேர் கேட்காத ஆட்கள். அந்த இரண்டைக் கொடுப்பதற்காக மீதிப் பத்தையும் எடுத்தோம், எட்டுப் பெட்டி. வெயில் படுகிற பக்கம் அட்டையின் சிவப்பு வெளுத்து ரோஸாகிவிட்டது. ஜூலை மழை ஈரத்தில் பசை விட்டு, பிளாஸ்டிக் மூடி அட்டையிலிருந்து பிரிந்து நிற்கிறது. உள்ளே இருக்கிற பொம்மையில் ஒரு கீறல் இல்லை. பாதி விலை போட்டும் போகவில்லை. அந்தப் பத்துப் பொம்மையின் நஷ்டத்தை ஈடுகட்ட, நீங்கள் கேட்ட இரண்டின் மேல் விலையை ஏற்றினோம். அது தப்பு. தெரிந்தே செய்தோம், இனி செய்யமாட்டோம்.

உங்களில் சிலர் இந்தச் சலிப்புக்கு நடிகர்கள்தான் காரணம், அதிலும் புதிதாக வந்த பெண்கள்தான் காரணம் என்று கடையிலேயே சத்தமாகப் பேசுகிறீர்கள். அதில் எனக்குச் சம்மதமில்லை. 2018-ல் 2017 படத்தில் நடித்த கெல்லி மேரி ட்ரான் என்ற நடிகை, வசை தாங்காமல் தன் இன்ஸ்டாகிராம் பதிவுகளை எல்லாம் நீக்கினார். கொடுத்த வேடத்தை நடித்ததைத் தவிர அந்தப் பெண் வேறு எதுவும் செய்யவில்லை. பெண்பிள்ளைகள் வந்து போகிற கடை இது. படத்தைத் திட்டுங்கள், கதையைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆளைத் திட்டுகிற பேச்சு இங்கே வேண்டாம்.

ஸ்டார் ட்ரெக் என்கிற இன்னொரு விண்வெளிக் கதையின் ரசிகர்கள் இந்தத் திகட்டலை நமக்கு முன்னாலேயே பார்த்துவிட்டார்கள். 1987-ல் தொடங்கி 2005 வரை டி.வி.யில் ஏதாவது ஒரு ஸ்டார் ட்ரெக் தொடர் ஓடிக்கொண்டே இருந்தது. 2002-ல் வந்த படம் விழுந்தது, 2005-ல் கடைசித் தொடரையும் நிறுத்தினார்கள். நாலு வருஷம் இடைவெளி விட்டு 2009-ல் புது ஆட்களோடு வந்த படம், முந்தையதைப் போல ஐந்து மடங்குக்கு மேல் வசூலித்தது. கூட்டம் எங்கேயும் போய்விடவில்லை.

இங்கேயும் போய்விடவில்லை. ஸ்டார் வார்ஸின் 'ஆண்டோர்' தொடர் வந்தபோது அதைக் கண்டேன். 2022-ல் ஒரு சீசன், 2025-ல் ஒரு சீசன், மொத்தம் 24 எபிசோட், கதை முடிந்தது. முன்னாடி எதையும் பார்த்திருக்க வேண்டியதில்லை. ஸ்டார் வார்ஸ் வீரர்களின் ஆயுதமான ஒளிவாளைச் சுழற்றுகிறவரும் யாருமில்லை. சாதாரண ஜனங்கள் ஓர் அடக்குமுறை ஆட்சிக்குக் கீழே எப்படி வாழ்கிறார்கள், எந்த இடத்தில் பொறுக்க முடியாமல் எழுகிறார்கள் என்பதுதான் கதை. "போதும்ணா" என்று சொன்ன அதே பிள்ளைகள் கல்லாவில் சாய்ந்துகொண்டு என்னோடு அரை மணி நேரம் அதைப் பற்றிப் பேசினார்கள். எதுவும் வாங்கவில்லை. எனக்கு மனசு நிறைந்திருந்தது.

ஆகவே இனி இப்படிச் செய்யப் போகிறோம். ஸ்டார் வார்ஸில் எந்தப் புதுப் படம், புதுத் தொடர் வந்தாலும் பெட்டிக் கணக்கில் எடுக்கமாட்டோம். வேண்டியவர்கள் கல்லாவில் இருக்கிற நோட்டில் பேரும் பொம்மையும் எழுதிவிட்டுப் போங்கள், அதை மட்டும் தனியாக வரவழைத்துத் தருகிறோம். சில வாரம் ஆகும், பொறுத்துக்கொள்ள வேண்டும். முதல் மூன்று படங்களின் பொம்மைகளும், அந்தப் படங்களில் வரும் மில்லினியம் ஃபால்கன் விண்கலத்தின் கிட்டும் எப்போதும் கடையில் இருக்கும். அவற்றைக் கேட்காத மாசமே இல்லை.

காலியான பாதியில் பி.எஸ்.எல்.வி, எல்.வி.எம்-3 ராக்கெட் மாடல்களும் விக்ரம் லேண்டரும் வருகின்றன. 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் லேண்டர் நிலவில் இறங்கியதிலிருந்து நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இஸ்ரோவின் ஊரில் இருந்துகொண்டு இவ்வளவு நாள் இதை வைக்காமல் விட்டதற்கு மன்னியுங்கள்.

நம்மிடம் வாங்கிய ஸ்டார் வார்ஸ் பொம்மை பிரிக்காமல் வீட்டில் இருந்தால் கொண்டு வாருங்கள், வாங்கிய விலையில் பாதிக்கு வேறு சாமான் எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சலுகை பொங்கல் வரைக்கும்.

வரப்போகும் செட்டுகளுக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்கள், ஞாயிறு தவிர எந்த நாளும் காலை பத்தரைக்கு மேல் வந்து பணத்தை வாங்கிக்கொள்ளலாம். ரசீது தொலைந்திருந்தாலும் கவலை வேண்டாம். அப்பாவின் பழைய நோட்டிலிருந்து இன்றைய நோட்டு வரை உங்கள் பேர் எழுதியே இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்,
அல்சூர், பெங்களூரு