இடது முன்சக்கரம்

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரி அப்பா, பார்க்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதற்குப் பிறகு பத்து நாளுக்குப் பேச்சே இல்லை. அதனால்தான் கடிதம். முதல் பக்கத்தை மட்டும் உன் மெக்கானிக்கிடம் காட்டு.

காரின் இடது முன்சக்கரத்தில் சத்தம் வருகிறது. போன முறை நீ விடியற்காலை வந்தபோது தெருமுனை வேகத்தடைக்கு முன்னால் பிரேக் பிடித்தாய், 'டொக்' என்றது. ஏறி இறங்கி வேகம் எடுத்தாய், மறுபடி 'டொக்' என்றது. வாசலில் நின்றவனுக்கே கேட்டது என்றால் உள்ளே இருந்த உனக்குக் கேட்காமல் இருக்குமா?

சத்தம் என்றதும் ஷாக் அப்சார்பரை மாற்றச் சொல்வார்கள். சம்மதிக்காதே. எண்ணெய் கசிந்திருந்தாலோ, முன் மூலையை அழுத்தி விட்டதும் வண்டி நிற்காமல் ஆடினாலோதான் அதைச் சந்தேகப்பட வேண்டும். சத்தம் எப்போது வருகிறது என்பதுதான் கேள்வி. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது வந்தால் மேலே ஸ்ட்ரட் மவுண்டைப் பார்க்க வேண்டும். மெதுவாகப் போகையில் சிறு பள்ளங்களில் லொடலொடவென்றால் ஸ்டெபிலைசர் பார் புஷ். அதே பள்ளத்தில் பிரேக்கை லேசாக மிதித்தவுடன் சத்தம் அடங்கினால் அது சஸ்பென்ஷனே இல்லை, பிரேக் பேடோ காலிப்பர் பின்னோ ஆடுகிறது. பிரேக் பிடிக்கும்போது ஒன்று, கிளம்பும்போது ஒன்று என்று ஒற்றை ஒற்றையாக வந்தால் லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை வண்டியோடு சேரும் இடத்து ரப்பர். உன் வண்டியில் அதுதான்.

இத்தனைக்கும் முன்னால் டிக்கியைக் காலி செய்து பார்க்க வேண்டும். ஜாக்கியோ ஸ்டெப்னியோ கழன்று ஆடினால் வண்டியே பிரிந்து போகிற மாதிரி ஏமாற்றும். அதனால் அன்று நீ தூங்கிக்கொண்டிருந்தபோது சாவியை எடுத்து டிக்கியைத் திறந்தேன்.

எல்லாவற்றையும் இறக்கித் திண்ணையில் வைத்தேன். இரண்டு பெட்டி, குக்கர், தையல் மிஷின், உன் சான்றிதழ்கள் இருக்கும் நீலக் கோப்பு, ஆச்சி கொடுத்த குத்துவிளக்கு. வெறும் வண்டியை ஆற்றுப் பாலம் வரை ஓட்டிப் பார்த்தேன். சத்தம் அப்படியேதான் இருந்தது. திரும்பி வந்து எல்லாவற்றையும் இருந்த வரிசையிலேயே அடுக்கிவிட்டேன். விளக்கை மட்டும் என் பழைய வேட்டியில் சுற்றி வைத்தேன், உரசாமல் இருக்கட்டும் என்று. அம்மாவிடம் சொல்லவில்லை.

பிறகு பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது, உன் மெக்கானிக் போனாலும் தடுத்துவிடு. சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டினேன், அசையவில்லை. டை ராடு நன்றாக இருக்கிறது. மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், லேசாக ஆடியது. கம்பி கொடுத்து நெம்பிப் பார்த்தால், லோயர் ஆர்ம் புஷ்ஷின் ரப்பர் கிழிந்து உள்குழல் தனியாக ஆடுகிறது. அந்த ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டின் உறையும் வெடித்து, கிரீஸில் மண் அப்பியிருக்கிறது.

புஷ் போனால் சத்தம் வரும், டயர் தேயும், அவ்வளவுதான். பால் ஜாயின்ட் அப்படி இல்லை. அது கழன்றால் சக்கரம் மடிந்துவிடும். ஸ்டீயரிங் கையில் இருந்தும் பயனில்லை. நீ இரவில், தனியாக, 600 கிலோமீட்டர் ஓட்டி வருகிறாய். இரண்டு மாதத்தில் மூன்று முறை வந்துவிட்டாய். வந்ததும் தூங்குகிறாய், எழுந்ததும் கிளம்புகிறாய். பகலில் ஓட்டு. திருச்சியில் நிறுத்திச் சாப்பிடு. இரவில் ஓட்டாதே.

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. கீழ்வீட்டில் இருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள், இன்னும் யாருக்கும் விடவில்லை. மற்றதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் பால் ஜாயின்ட்.

மெக்கானிக்கிடம் இதைச் சொல். லோயர் ஆர்மை இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது முழுதாக இறுக்கக் கூடாது. கொஞ்சம் முடுக்கிவைத்து, வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகே இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரம் கிழிந்துவிடும். முடிந்ததும் வீல் அலைன்மென்ட். அடியில் டீசல் அடிக்க விடாதே, ரப்பர் ஊறிக் கெட்டுப்போகும். நீ பக்கத்திலேயே நின்று பார். உனக்குப் புரியும். ஒன்பது வயதில் சைக்கிள் செயினை நீயே மாட்டினாய். உன் அண்ணனுக்கு இன்றும் அது வராது. பணிமனையில் எல்லாரிடமும் அதைச் சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவு தெரிந்தவள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எப்படி ஓட்டினாய்? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அப்பா செத்தா போய்விட்டேன்?

இல்லை, செல்வி. அந்த இடது புஷ்ஷை மாட்டியவன் நான்தான்.

போன ஆடியில் நீ தனியாக வந்திருந்தாய். நல்ல புஷ் மறுநாள்தான் வரும் என்று கடையில் சொன்னார்கள். "நாளைக்குப் போகிறேனே அப்பா" என்று நீயும் சொன்னாய். மாப்பிள்ளை என்ன நினைப்பாரோ, தெருவில் என்ன பேசுவார்களோ என்று எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. விலை குறைந்த ஒன்றை வாங்கி வந்து, இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்று தொங்கும்போதே இறுக்கினேன். தெரிந்தேதான் செய்தேன். 31 வருடம் பணிமனையில் பையன்களைத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்ததை என் மகளின் வண்டிக்கு நான் செய்யவில்லை. பெட்ரோல் போட்டு, காற்றடித்து, கண்ணாடியைத் துடைத்து உன்னை அனுப்பிவைத்தேன். கிளம்பும்போது கண்ணாடியை இறக்கி ஏதோ சொல்ல வாயெடுத்தாய். "மெதுவாகப் போ" என்று சொல்லி நான் கேட்டைச் சாத்திவிட்டேன்.

முதல் பக்கத்தை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டாம். யாரையும் வண்டியைத் தொட விடாதே, நீயும் ஓட்டாதே. நேற்றே இரண்டு பக்கத்துக்கும் நல்ல லோயர் ஆர்ம் வாங்கிச் சாக்கில் கட்டி வைத்துவிட்டேன். சனிக்கிழமை இரவு பஸ் ஏறுகிறேன். ஞாயிறு காலை கிளாம்பாக்கத்தில் இறங்கி உன் வீட்டுக்கு வந்துவிடுவேன். தரையில் இறக்கித்தான் இறுக்குவேன். அலைன்மென்ட் பார்த்துவிட்டு, பகலிலேயே நான் ஓட்டுகிறேன், நீ பக்கத்தில் தூங்கிக்கொண்டு வா.

டிக்கியைக் காலி செய்ய வேண்டாம்.

அன்புடன்,
அப்பா