புது பிளெண்டரில் ஸ்மூத்தி: நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வெயில் ஏறத் தொடங்கியதும் கப்பைக் கவிழ்த்துப் பொருத்தி அரைக்கும் சிறிய பிளெண்டர்கள் நம் கடையில் அதிகம் போகின்றன. வாங்கிய மறுநாளே சிலர் கவலையோடு திரும்ப எடுத்து வருகிறீர்கள். பழம் அரைபடவில்லை என்கிறீர்கள், மோட்டார் நடுவில் நின்றுவிட்டது என்கிறீர்கள், கருகல் வாடை வருகிறது என்கிறீர்கள். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் மோட்டாரில் ஒரு குறையும் இருப்பதில்லை. கப்பில் எதை முதலில் போட்டோம், எவ்வளவு நேரம் ஓடவிட்டோம் என்ற இரண்டில்தான் கோளாறு இருக்கிறது. பணம் கொடுத்து வாங்கிய பொருள் அலமாரிக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இது மிக்ஸி இல்லை. 1960-களில் சுமீத் போன்ற மிக்ஸிகள் பிறந்ததற்குக் காரணமே, வெளிநாட்டு பிளெண்டர்களின் மோட்டார் நம் தேங்காய்க்கும் ஊறிய பருப்புக்கும் தாங்கவில்லை என்பதுதான். மிக்ஸியில் 500 முதல் 750 வாட் மோட்டார் இருக்கும்; கெட்டியான விழுதையும் நசுக்கித் தள்ளும். சிறிய பிளெண்டர்கள் பெரும்பாலும் 300 முதல் 500 வாட். அதன் பிளேடில் சில இதழ்கள் மேல்நோக்கியும் சில கீழ்நோக்கியும் வளைந்திருக்கும். அவை பாலையோ தண்ணீரையோ சுழற்றி, அந்தச் சுழலுக்குள் பழத்தை இழுத்து வெட்டுகின்றன. சுழல் உருவாகாவிட்டால் பிளேடு வெறுமனே சுற்றும், பழம் இருந்த இடத்திலேயே இருக்கும். இட்லி மாவு, தேங்காய்ச் சட்னி, மஞ்சள் கிழங்கு இதெல்லாம் இதில் வேண்டாம்.

சில பெட்டிகளில் இரண்டு பிளேடு இருக்கும். குறுக்கும் நெடுக்குமாக இதழ் உள்ளது ஸ்மூத்திக்கு. தட்டையானது மிளகு, காப்பிக்கொட்டை போன்ற உலர்ந்தவற்றைக் கொஞ்சமாகப் பொடிக்க. தட்டையானதை மாட்டிக்கொண்டு வாழைப்பழத்தோடு போராடுகிறவர்கள் நிறைய. உலர்ந்த பொடிக்கு எப்போதும் தனிக் கப் வையுங்கள். மசாலாத் துகளும் சர்க்கரையும் பிளாஸ்டிக்கைக் கீறி, ஒரே மாதத்தில் கப்பைப் புகை படிந்தது போல் ஆக்கிவிடும்.

முதல் நாள் கப்பையும் பிளேடையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு பாதிக் கப் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு 20 விநாடி ஓட்டிக் கொட்டுங்கள். முதல் சில தடவை லேசான வார்னிஷ் வாடை வரும். மோட்டார் சுருளில் பூசிய பூச்சு முதன்முதலாகச் சூடாவதால் வருவது அது, பயப்பட வேண்டாம். புகை வந்தால் மட்டும் உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கொண்டு வாருங்கள்.

இனி அளவு. 500 மி.லி. கப்புக்கு: உறைய வைத்த மோரிஸ் வாழைப்பழம் ஒன்று (தோல் நீக்கிச் சுமார் 100 கிராம்), பங்கனபள்ளி மாம்பழத் துண்டுகள் 100 கிராம், தயிர் 3 மேசைக்கரண்டி, குளிர்ந்த பால் 150 மி.லி. இது கப்பில் போட்டிருக்கும் அதிகபட்ச அளவுக் கோட்டுக்குக் கீழேயே நிற்கும். அந்தக் கோட்டைத் தாண்டி நிரப்பினால் சுழலுக்கு இடம் இருக்காது, பிளேடு மூடியின் ரப்பர் வாஷர் வழியாகக் கசிந்து மோட்டார் பக்கம் இறங்கும்.

வரிசைதான் முக்கியம். கப்பைக் கவிழ்த்து வைக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறோம். இப்போது அடியில் இருப்பது பிறகு மேலே போகும். ஆகவே உறைந்த வாழையை முதலில் போடுங்கள், அதன்மேல் மாம்பழம், அதன்மேல் தயிர், கடைசியாகப் பால். பிளேடை இறுக்கித் திருகிக் கவிழ்த்தால், பிளேடை ஒட்டிப் பாலும் தயிரும் இருக்கும், கெட்டித் துண்டுகள் மேலிருந்து மெதுவாக இறங்கும். மாற்றிப் போட்டால் உறைந்த துண்டு பிளேடு இதழ்களுக்கு நடுவே சிக்கி மோட்டாரைத் திணறடிக்கும். நின்றபடியே அரைக்கும் பெரிய ஜக் வகை வாங்கியவர்கள் இதைத் தலைகீழாகப் படியுங்கள்: பால் முதலில், உறைந்தது கடைசியில்.

பொருத்தியதும் ஒரேயடியாக ஓட்டாதீர்கள். இரண்டிரண்டு விநாடியாக நான்கு தடவை அழுத்தி விடுங்கள். பிறகு 30 விநாடி தொடர்ந்து. காது கொடுத்துக் கேளுங்கள். முதலில் கடகடவென்று இருக்கும் சத்தம் கனத்து, சீராகிவிட்டால் அரைந்துவிட்டது. அதற்கு மாறாகச் சத்தம் திடீரென்று மெலிந்து கீச்சென்று உயர்ந்தால், பிளேடைச் சுற்றிக் காற்றுக்குமிழ் கட்டிக்கொண்டது என்று பொருள். எத்தனை நிமிடம் ஓட்டினாலும் இனி அரைபடாது. நிறுத்தி, கப்பைக் கழற்றி நன்றாகக் குலுக்குங்கள். அதுவும் போதாவிட்டால் திறந்து, இரண்டு மூன்று மேசைக்கரண்டி பால் விட்டு மறுபடி ஓட்டுங்கள். கெட்டியாக இருந்தால் நேரத்தைக் கூட்டாதீர்கள், திரவத்தைக் கூட்டுங்கள். இதை மட்டும் நினைவில் வைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

ஒரு தடவைக்கு ஒரு நிமிடம்தான் எல்லை. பிறகு ஒரு நிமிடமாவது ஓய்வு. உங்கள் கையேட்டில் இதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். நீண்ட நேரம் ஓட்டினால் மோட்டார் சூடாவதோடு ஸ்மூத்தியும் வெதுவெதுப்பாகி நுரைத்துப் போகும். தானாக நின்றுவிட்டால் உடைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம்; சூடு மிஞ்சியதால் பாதுகாப்பு சுவிட்ச் நிறுத்தியிருக்கும். பிளக்கைக் கழற்றி 15 நிமிடமாவது ஆறவிடுங்கள். அடியில் சிவப்புப் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். மறுபடி ஓட்டுமுன் கப்பில் உள்ளதைத் தளர்த்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உடனே மீண்டும் நிற்கும்.

ஐஸ் போடாமல் பழத்தையே உறைய வைப்பது நல்லது. ஐஸ் உருகிச் சுவையை நீர்க்க வைக்கும், சிறிய மோட்டாருக்கும் சுமை. வாழைப்பழத்தை உரித்து விரல்கணு அளவு துண்டுகளாக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி, ஃப்ரீசரில் இரவு முழுக்க வையுங்கள். பிறகு டப்பாவில் போட்டு மூடலாம். தோலோடு வைத்துவிட்டால் பிறகு உரிக்க முடியாமல் கை மரத்துப்போகும். வகையும் பாருங்கள். மோரிஸ், செவ்வாழை இரண்டும் வழுவழுப்பாக அரையும். ரஸ்தாளி மணக்கும், ஆனால் சில பழங்களில் உள்ளே கட்டி இருக்கும், அது எவ்வளவு அரைத்தாலும் திப்பியாக நிற்கும். விரலால் அழுத்திப் பார்த்து எடுத்துவிடுங்கள். நேந்திரத்தில் மாவுத்தன்மை அதிகம், ஸ்மூத்திக்கு வேண்டாம். நார் மாம்பழம் என்றால் நார் பிளேடின் தண்டில் சுற்றிக்கொள்ளும். வடிகட்டிய கூழை மட்டும் போடுங்கள்.

அன்னாசியைப் பாலோடு அரைத்து வைத்தால் சற்று நேரத்தில் கசக்கிறது என்று பலர் கேட்கிறீர்கள். பழம் கெட்டுப்போகவில்லை. சமைக்காத அன்னாசியில் உள்ள ப்ரோமெலைன் என்ற நொதி பாலின் புரதத்தைச் சிதைப்பதால் வரும் கசப்பு அது. பப்பாளியிலும் இதே வகை நொதி உண்டு. அரைத்த உடனே குடித்துவிடுங்கள், அல்லது பாலுக்குப் பதில் இளநீர் சேருங்கள். சாத்துக்குடியோடு பால் சேர்த்தால் திரிந்துவிடும். அங்கே தயிர் பொருந்தும்.

விதைகளில் கவனம் வேண்டும். பேரீச்சையைக் கொட்டை நீக்கி 20 நிமிடம் வெந்நீரில் ஊறவைத்து, ஆறிய பிறகு போடுங்கள். ஒரு கொட்டை உள்ளே போனாலும் பிளேடு வளையும், கப்பில் விரிசல் விழும். சப்போட்டா விதையும் அப்படித்தான். சீத்தாப்பழ விதையை எந்த நிலையிலும் அரைக்கக் கூடாது. அது உடலுக்கு ஆகாதது. ஊறிய சப்ஜாவை அரைக்காமல், டம்ளரில் ஊற்றியபின் ஒரு கரண்டி கலந்துகொள்ளுங்கள். பசலை, புதினா சேர்ப்பதானால் ஒரு கைப்பிடி இலையைப் பாலோடு தனியாக 20 விநாடி அரைத்துவிட்டுப் பழத்தைச் சேர்த்தால் இலைத் துணுக்கு பல்லில் நெருடாது.

சூடான எதையும் இந்த மூடிய கப்பில் ஊற்றாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம். ஆவி போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, திறக்கும்போது முகத்தில் தெறிக்கும். ராகிக் கஞ்சியோ ரசமோ அரைக்க வேண்டுமானால் முழுக்க ஆறட்டும். சோடா வகைகளும் கூடாது. காரணம் அதே அழுத்தம்தான்.

முடிந்ததும் உடனே கழுவுங்கள். வாழையும் பாலும் காய்ந்தால் பிளேடின் தண்டடியில் பிசின்போல் பிடித்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை பிளேடு மூடியில் உள்ள ரப்பர் வாஷரைக் கத்தியால் குத்தாமல், கரண்டிக் காம்பால் நெம்பி எடுங்கள்; அதனடியில்தான் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். கழுவி, நன்றாக உலர்த்தி, எடுத்த பக்கமே திரும்பப் பொருத்துங்கள். திருப்பி மாட்டினால் கசிவு நிச்சயம். மோட்டார் பாகத்தை ஈரத் துணியால் துடைத்தால் போதும், குழாயடியில் காட்ட வேண்டாம்.

அடியில் கறுப்புத் தூள் உதிர்ந்து ரப்பர் கருகும் வாடை வந்தால், மோட்டாரின் சுழற்சியைப் பிளேடுக்குக் கடத்தும் இணைப்புத் துண்டான கப்ளர் தேய்கிறது. மோட்டார் சுற்றியும் பிளேடு அசையாமல் இருப்பதும் அதனால்தான். கப்ளர், வாஷர், மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் மூன்றும் மாற்றக்கூடியவை. இதற்காகப் புது பிளெண்டர் வாங்காதீர்கள். மின் அழுத்தம் குறைந்திருக்கும் நேரத்திலும், சதுர அலை இன்வெர்ட்டரிலும் ஓட்டுவதைத் தவிருங்கள். மோட்டார் வீணாகச் சூடாகும்.

பழுது என்று கொண்டு வரும்போது மோட்டாரை மட்டும் எடுத்து வராமல் கப், பிளேடு, வாஷர், உத்தரவாத அட்டை நான்கையும் சேர்த்து எடுத்து வாருங்கள். நீங்கள் என்ன போட்டு அரைத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். உங்கள் கண் முன்னாலேயே ஒரு பழம் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தருவோம்.

அன்புடன்,
விற்பனை மற்றும் பழுதுபார்ப்புப் பிரிவினர்