ஓட்டுப் போடாதவர்களுக்கு எல்லாம் அக்கறை இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூயார்க் மேயர் தேர்தல் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேட்பாளர் சோரான் மம்தானி யார், அவருடைய அம்மா, திரைப்பட இயக்குநர் மீரா நாயர் யார் என்பதெல்லாம் விரிவாகவே இருந்தது. ஆனால் 2025 ஜூன் 24 அன்று நடந்த ஜனநாயகக் கட்சியின் பிரைமரியைப் பற்றி, அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலைப் பற்றிச் சொல்லும் இடத்தில், பத்து லட்சம் பேர்தான் ஓட்டுப் போட்டார்கள், மிச்சப் பேருக்கு, அதிலும் இங்குள்ள இந்தியர்களுக்கு, அக்கறை இல்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அந்த மிச்சப் பேரில் நானும் ஒருத்தி. எனக்கு அக்கறை இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்?

அன்று இங்கே அடித்த வெயில் உங்கள் கட்டுரையில் இல்லை. கென்னடி விமான நிலையத்தில் நூறு டிகிரியைத் தாண்டிவிட்டது. முட்டிவலியோடு நானும் கணவரும் நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில், எங்கள் வாக்குச்சாவடி இருந்த பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனோம். மேசையில் இருந்த பெண் டேப்லெட்டில் பெயரைத் தட்டினார். கணவருக்கு வாக்குச்சீட்டு வந்தது, எனக்கு வரவில்லை. அந்தப் பெண் டேப்லெட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பெயர் சரி, பிறந்த தேதி சரி, முகவரியும் சரி. கட்சி என்ற இடத்தில் மட்டும் 'பிளாங்க்' என்று இருந்தது, அதாவது எந்தக் கட்சியும் இல்லை.

குடியுரிமை வாங்கிய நாள் முதல் நான் ஜனநாயகக் கட்சி வாக்காளராகத்தான் பதிந்திருக்கிறேன். இதற்கு முன் பிரைமரியில் ஓட்டும் போட்டிருக்கிறேன். வீடு மாறியபோது நானும் கணவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே மாதிரி படிவத்தை நிரப்பிக் கொடுத்தோம். அவருடைய கட்சி அப்படியே இருக்கிறது, என்னுடையது காணாமல் போய்விட்டது. ஏன் என்று கேட்டால், ரெக்கார்டில் அப்படித்தான் இருக்கிறது என்பதைத் தவிர யாரிடமும் பதில் இல்லை. கடைசியில், உறுதிமொழி எழுதிக் கொடுத்து ஓட்டுப் போடலாம் என்று ஒரு உறையைக் கொடுத்தார்கள். இங்கே உள்ள முறைப்படி ஐந்து வேட்பாளர்களை விருப்ப வரிசையில் குறித்து, உறையில் போட்டு ஒட்டி, கையெழுத்தும் போட்டேன். அப்புறம் ஒரு கடிதம் வந்தது. நீங்கள் அந்தக் கட்சியில் பதிவு செய்யாதவர், உங்கள் ஓட்டு எண்ணப்படவில்லை என்று.

நியூயார்க் மாநிலத்துப் பிரைமரி மூடிய பிரைமரி என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கட்சியில் பதிந்தவர் மட்டுமே போடலாம். நகரத்தில் எந்தக் கட்சியிலும் பதியாதவர்கள் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல். குடியரசுக் கட்சியில் கர்ட்டிஸ் ஸ்லிவாவுக்குப் போட்டியே இல்லாததால், அந்தக் கட்சிக்காரர்களுக்கு மேயர் பிரைமரியே நடக்கவில்லை. இவர்களையெல்லாம் அக்கறை இல்லாதவர்கள் கணக்கில் சேர்ப்பது என்ன நியாயம்?

தேதி விஷயம் அதைவிட மோசம். ஜூனில் போட வேண்டுமானால் பிப்ரவரி 14-க்குள் கட்சிப் பதிவை மாற்றியிருக்க வேண்டும். மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ போட்டியிடப் போவதாக அறிவித்ததே மார்ச் 1-ஆம் தேதிதான். முக்கியமான வேட்பாளர் களத்துக்கு வருவதற்கு முன்பே கதவைச் சாத்திவிட்டார்கள். அதே சமயம், முதன்முதலாகப் பதிகிறவருக்குத் தேர்தலுக்குப் பத்து நாள் முன்பு வரை அவகாசம் உண்டு. வருஷக்கணக்காக ஓட்டுப் போட்டு வருகிறவருக்கு இல்லை. இதை எந்த மனிதர் உட்கார்ந்து யோசித்தாரோ!

முன்பு இதைவிடக் கொடுமையாக இருந்தது. 2016 ஏப்ரல் 19 அன்று நடந்த அதிபர் பிரைமரிக்குக் கட்சி மாற்றக் கடைசி நாள் 2015 அக்டோபர் 9. டிரம்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் தேதியைத் தவறவிட்டு, சொந்த அப்பாவுக்கே ஓட்டுப் போட முடியாமல் நின்றார்கள். அவர்களுக்கே அந்த நிலை. நகரின் இன்னொரு பகுதியான புரூக்ளினில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தன. அது வழக்காகி, 2017-இல்தான் சமரசத்துக்கு வந்தது. அந்த 2016 ஒரே வருஷத்தில் ஏப்ரலில் ஒரு பிரைமரி, ஜூனில் ஒன்று, செப்டம்பரில் இன்னொன்று. வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை செவ்வாய்க்கிழமை லீவு போடுவார்கள்? முன்கூட்டியே ஓட்டுப் போடும் வசதி இந்த மாநிலத்துக்கு வந்ததே 2019-இல்தான். அப்போதே இதையெல்லாம் உங்களுக்கு எழுதினேன். கடிதம் வெளியாகவில்லை. அமெரிக்கத் தேர்தல் வந்தால் இரு கட்சிகளின் சின்னமான யானையும் கழுதையும் போட்ட படத்தோடு நாலு பக்கம் எழுதுகிறீர்கள். வாக்காளர் மேசை முன்னால் நிற்கும்போது என்ன நடக்கிறது என்று ஒரு பத்திகூட எழுதியதில்லை.

நான் மயிலாடுதுறைக்காரி. அங்கே வாக்குச்சாவடிக்குச் சற்றுத் தள்ளி எல்லாக் கட்சிக்காரர்களும் மேசை போட்டு, பட்டியலில் நம் பெயரைத் தேடிச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். உள்ளே போனால், நீ எந்தக் கட்சி என்று கேட்க எந்த அதிகாரிக்கும் உரிமை கிடையாது. இங்கே என் கட்சியை அரசாங்கத்தின் பதிவேட்டில் நானே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை வேறு ஆட்களும் வாங்கிப் பார்க்கலாம். அவ்வளவையும் ஒப்புக்கொண்டு பதிந்த பிறகு, பதிவே இல்லை என்கிறார்கள். எங்கள் குயின்ஸில் வாக்குச்சீட்டு வங்காளத்தில்கூட இருக்கிறது, தமிழில் இல்லை. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. எந்த மொழியில் அடித்தாலும், என் ஓட்டை எண்ணினால் போதும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. உங்கள் இதழை இங்கே பல வீடுகளில் படிக்கிறார்கள். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசைக்குக் காத்திருப்பவர்கள் கையில்கூடப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒவ்வொரு ஜனவரி இதழிலும் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள்: நியூயார்க் வாக்காளர்கள் தங்கள் கட்சிப் பதிவு சரியாக இருக்கிறதா என்று மாநிலத் தேர்தல் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளவும், மாற்ற வேண்டுமானால் கடைசி நாள் பிப்ரவரி 14. வீடு மாறியவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த அக்கறை வரிக்கு ஒரு திருத்தமும் வெளியிட வேண்டும். இந்தக் கடிதத்தையாவது வெட்டாமல் போடுவீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
குயின்ஸ், நியூயார்க்