வேலூர் வரலாற்று வாசிப்பு வட்டம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு பதினொரு கூட்டங்கள் நடந்தன. டிசம்பர் கூட்டம் மழையால் நின்றுபோனது.

ஜார்ஜியா நாட்டின் ஒயின் வரலாற்றை ஆண்டுப் பொருளாக எடுத்ததற்கு மூத்த உறுப்பினர்கள் சிலர் மறுப்புத் தெரிவித்தார்கள். குடியால் குடும்பங்கள் சிதைந்ததைக் கண்ணெதிரே கண்டவர்கள் அவர்கள். அந்த வருத்தத்தை மதித்து, கூட்டங்களில் மது பரிமாறக் கூடாது என்று முதல் நாளே தீர்மானம் நிறைவேற்றினோம். மறுத்தவர்களே பிறகு தவறாமல் வந்தது எனக்குப் பெரிய நிறைவு.

ஜார்ஜியத் தலைநகர் திபிலிசிக்குத் தெற்கே பழங்காலக் குடியிருப்பு மேடுகளில் எடுத்த பானை ஓடுகளில், கி.மு. 6000 அளவிலேயே திராட்சை ஒயின் இருந்ததற்கான தடயம் கிடைத்ததாக 2017இல் ஆய்வு வெளியானது. இன்றும் அங்கே ‘க்வெவ்ரி’ என்னும் பெரிய தாழியைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து, உள்ளே தேன்மெழுகு பூசி, அதில்தான் திராட்சைச் சாற்றைப் புளிக்க வைக்கிறார்கள். மண்ணுக்குள் இருப்பதால் வெப்பநிலை அதிகம் மாறுவதில்லை. 2013இல் யுனெஸ்கோ இம்முறையை மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அந்தத் தாழியின் படத்தைத் திரையில் காட்டியபோது, கரிகிரியில் மண்பாண்டம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த உறுப்பினர் எழுந்து, “இவ்வளவு பெரியது சக்கரத்தில் நிற்காது, திரிதிரியாக உருட்டி அடுக்கித்தான் ஏற்றியிருப்பார்கள்” என்றார். உண்மையும் அதுவே, ஒரு தாழியைக் கட்டி முடிக்கப் பல வாரங்கள் ஆகின்றன. புத்தகத்தில் நாங்கள் தேடிப் படித்ததை அவர் கை முன்பே அறிந்திருந்தது. இந்த ஆண்டின் சிறந்த கூட்டம் அதுதான்.

கிழக்கே ககேத்தியில் தோல், விதை, சில வேளைகளில் காம்போடும் சேர்த்து மாதக்கணக்கில் ஊற வைப்பதால் வெள்ளைத் திராட்சைகூடத் தேன் நிறமும் துவர்ப்பும் பெறுகிறது. மேற்கே இமெரெத்தியில் தோலைக் கொஞ்சமாகவே சேர்ப்பதால் சுவை மெலிது. தாழியின் பெயரும் அங்கே ‘சூரி’. ஐந்நூறுக்கும் மேற்பட்ட உள்நாட்டுத் திராட்சை வகைகள் கொண்ட நாட்டில், 1985இல் சோவியத் தலைவர் கோர்பசேவ் தொடங்கிய மது எதிர்ப்பு இயக்கத்தின்போது ஏராளமான கொடிகள் வெட்டப்பட்டன. 2006இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயின் இறக்குமதியைத் தடுத்து, 2013இல் தளர்த்தியது. இவற்றைப் பற்றிய விவாதம் இரவு ஒன்பதைத் தாண்டியது.

வரவு செலவு தணிக்கை செய்யப்பட்டுப் பொருளாளரிடம் உள்ளது. அரிக்கமேட்டில் கிடைத்த மத்தியதரைக் கடல் மதுச் சாடிகளின் ஓடுகளைப் பார்க்க, ஜனவரியில் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குச் செல்லவிருக்கிறோம். வர விரும்புவோர் பஸ் கட்டணத்துடன் இம்மாத இறுதிக்குள் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

செயலாளர்